ஆடத் தகுதியான களம்

லோகேஸ்வரியின் இடது கண்ணில் பந்து பட்ட அன்று காலையில், அந்தக் களம் ஆடத் தகுதியானது என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவளுடைய அப்பா கமலநாதன். இன்னொருவன் நான்.

என் பெயர் ராதாகிருஷ்ணன். குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். வாரத்தில் ஆறு நாள் ரயில்வே பட்டறையில் சிக்னல் பெட்டிகளைப் பழுது பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு கிரிக்கெட் நடுவராக நிற்கப் போய்விடுவேன். கமலநாதனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை. பத்தொன்பது வருஷமாக நாங்கள் ஒன்றாக ஆட்டங்களுக்கு நடுவர்களாக இருந்திருக்கிறோம். எங்கள் வட்டாரச் சங்கத்தில் பரீட்சை எழுதித் தேறிய நடுவர்கள் மொத்தமே ஏழு பேர். அதனால் மகள் ஆடும் ஆட்டத்திலும் அப்பா நிற்க வேண்டி வரும். அவர் சலுகை காட்டுகிறார் என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை. லோகேஸ்வரிக்கு அதிக முறை எல்.பி.டபிள்யூ கொடுத்தவரே அவர்தான். அப்படிக் கொடுத்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவள் அப்பாவிடம் ரசத்தைக்கூடக் கேட்டு வாங்க மாட்டாள்.

நாங்கள் கையெழுத்துப் போட்ட அன்று, தேசியப் போட்டிக்கு வட்டாரப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம். முதல் நாள் சாயங்காலம் பிடித்த மழை விடிகிற நேரத்தில்தான் விட்டிருந்தது. ஆண்களுக்கான ஆட்டங்கள் எல்லாம் நல்ல புல் திடல்களில் நடக்கும். பெண்களுக்கு ஒதுக்கியது கிள்ளானில், கொள்கலன் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த பழைய தோட்டத்துத் திடல். நடுவில் ஒரு சிமெண்டுத் தளம். அதன்மேல் பச்சை மேட்டிங் பாய். தளம் உடைந்து இரண்டு வருஷமாகிவிட்டது. தெற்கு முனையில், வேகப்பந்து வழக்கமாக விழும் இடத்தில், உடைந்த ஓரம் அரை விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. பாயின்மேல் நடந்தால் காலுக்குத் தெரியும். கமலநாதன் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். பாய்க்கு அடியில் தண்ணீர் சளசளத்தது.

"இதுல ஆட முடியாது ராதா," என்றார்.

சங்கத்தின் செயலாளர் தங்கமணி கையில் படிவத்தோடு வந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் செயலாளர்.

"முடியாதுன்னா கேன்சல்தான். அடுத்த வாரம் பேரு அனுப்பணும். என் கையில பழைய லிஸ்ட் இருக்கு, அதையே அனுப்பிடுவேன். காஜாங்குலேருந்து பிள்ளைங்க அஞ்சு மணிக்கே கெளம்பி வந்திருக்குதுங்க, பாவம். நீங்களே போய்ச் சொல்லிடுங்க, வீட்டுக்குப் போங்கன்னு."

"மூணு தடவை ரிப்போர்ட் எழுதிட்டேன், மிஸ்டர் தங்கமணி. தளத்த சரி பண்ணுங்கன்னு."

"நீதான் வருசா வருசம் பன்னெண்டு யோசனை எழுதி அனுப்புறியே. அதுல இது எத்தனாவது?"

"மொதலாவது."

"அப்ப படிச்சிருப்பேன்," என்று சிரித்தார் தங்கமணி.

இருபத்திரண்டு பெண்கள் ஆட்ட உடையைப் போட்டுக்கொண்டு வேலி ஓரத்தில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமலநாதன் அவர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போட்டிருக்க மாட்டார். நான் பேனாவை எடுத்து நீட்டினேன்.

லோகேஸ்வரி முப்பத்தொரு ஓட்டம் எடுத்திருந்தாள். வடக்கு முனையில் என்னைத் தாண்டி ஓடிப் பந்து வீசியவள் காஜாங்கைச் சேர்ந்த நஸ்ரின். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து எதிரணிகளில் ஆடுகிறவர்கள், சிநேகிதிகள். பந்து சரியாக அந்த மேட்டில் விழுந்தது. இடுப்பளவுக்கு வர வேண்டிய பந்து நேராக முகத்துக்கு ஏறியது. தலைக்கவசம் சங்கத்துப் பையிலிருந்து எடுத்தது. அதன் முன்கம்பி முன்பே வளைந்து போயிருந்தது. அந்தச் சந்தில் பந்து புகுந்துவிட்டது.

அவள் விழவில்லை. கவசத்தைத் தானே கழற்றிக் கீழே வைத்தாள். பக்கவாட்டில் நின்ற கமலநாதன் ஓடி வந்தபோது, "அப்பா, இந்தப் பக்கம் ஒன்னும் தெரியல," என்று மெதுவாகத்தான் சொன்னாள்.

ஆம்புலன்ஸ் இல்லை. முதலுதவிப் பெட்டியில் காய்ந்துபோன பிளாஸ்டர் மட்டும் இருந்தது. கமலநாதனின் காடியில் பின்னிருக்கையில் படுக்க வைத்து, முள் காலணியோடு நஸ்ரினும் ஏறிக்கொள்ள, அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரண்டு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். கடைசியில் டாக்டர் சொன்னது இதுதான்: வெளிச்சம் தெரியும், கையை ஆட்டினால் அசைவு தெரியும், பார்வையின் நடுப்பகுதி திரும்பாது. அவளுக்கு அப்போது வயது இருபது.

கமலநாதனின் மனைவி குமுதா தாமான் செந்தோசாவில் காலை நேர ஒட்டுக்கடை வைத்திருக்கிறாள். நாசி லெமாக், மீஹூன், உளுந்து வடை. மகள் வீட்டுக்கு வந்த பத்தாம் நாளே கடையைத் திறந்துவிட்டாள். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அங்கேதான் நான் பசியாறுவது வழக்கம். அன்று போனபோது சம்பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். மிளகாய் நெடி தொண்டையைப் பிடித்தது. அவள் தும்மக்கூட இல்லை. வாடிக்கையாளர்கள் நின்றார்கள். வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்து, நெத்திலியை அள்ளிப் போட்டு, பழுப்புத் தாளில் மடித்துக் கொடுத்தபடியே என்னிடம் பேசினாள்.

"உக்காருங்கண்ணே. அந்த டப்பாவுக்குக் கீழ ஒரு லெட்டர் இருக்கு. எடுத்துப் படிங்க."

சங்கத்தின் முத்திரையோடு இருந்தது. நடந்ததற்கு வருந்துகிறோம் என்று ஒரு வரி. பிறகு, ஆட்டத்துக்கு முன்பாக இரு நடுவர்களும் ஆடுகளத்தைச் சோதித்து, ஆடத் தகுதியானது என்று கையெழுத்திட்டுள்ளதால் சங்கம் இதற்குப் பொறுப்பாகாது என்று இருந்தது. படிவத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அவரு கையெழுத்து எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரத்துல பார்த்திருக்கேன். கீழ இருக்கிறது உங்களோடதா?"

"ஆமா குமுதா."

"எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லுங்கண்ணே. நான் இந்த வடைய ஊசிப்போச்சுன்னு தெரிஞ்சும் விப்பேனா? காலையில மாவ மோந்து பார்க்குறேன். சரியில்லன்னா சாக்கடையில ஊத்திட்டு, இன்னைக்கு வடை இல்லன்னு சொல்றேன். வாங்க வந்தவங்க திட்டிட்டுப் போறாங்க. போகட்டும். நீங்க ரெண்டு பேரும் தொட்டுப் பார்த்தீங்க. தண்ணி இருக்குன்னு தெரிஞ்சிது. மேடு இருக்குன்னு தெரிஞ்சிது. அப்பறமும் கையெழுத்து."

"போடலன்னா பிள்ளைங்களுக்கு வாய்ப்புப் போயிடும்னு..."

"யாரு சொன்னா?"

"தங்கமணி."

"அவன் சொல்லுவான் லா. அவன் மகளா பேட் புடிச்சி நிக்கிறா?" கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "பதினோரு வருசமா இந்த மனுசன் ராத்திரி ராத்திரி யோசனை எழுதுறாரு. கிரிக்கெட்ட இப்படித் திருத்தணும், அப்படித் திருத்தணும்னு. நான் தேத்தண்ணி கலக்கிக் குடுத்திருக்கேன். அந்தப் பேப்பர் எதுலயும் ஒரு பிள்ளையோட கண்ணக் காப்பாத்த முடியல. ஒரே ஒரு நாளு, முடியாதுன்னு சொல்லியிருந்தா போதும். வீட்டுல அவரு என் மூஞ்சியப் பார்க்குறதில்ல. நானும் பார்க்குறதில்ல. சாப்பாட்ட மூடி வெச்சிடுறேன்."

வரிசையில் நின்ற ஒரு பெண், "அக்கா, எனக்கு சம்பால் கூட வைங்க," என்றாள். குமுதா வைத்தாள். நான் அன்று பசியாறவில்லை.

அடுத்த மாதம் சங்கத்திலிருந்து அறிவிப்பு வந்தது. வட்டாரக் கிரிக்கெட் மூன்று வருஷமாகத் தேசியப் போட்டியில் கடைசி இடத்தில் இருப்பதால், அதைச் சீர்திருத்த ஒரு கலந்துரையாடல். இடம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல். நீண்ட காலமாக யோசனை தெரிவித்து வருபவர் என்று கமலநாதனுக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்; யாரையும் ஒதுக்கவில்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

முதல் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் அந்தப் பன்னிரண்டு யோசனைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு எதைச் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். லோகேஸ்வரி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, கண்மறைப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மழைக் காலத்துல லீக் நடத்துறத நிறுத்தணும்," என்றார் கமலநாதன். "வருசக் கடைசியில பாதி ஆட்டம் தண்ணியில போவுது. இதச் சொல்லவா?"

"சொல்லு," என்றேன்.

"ஒரே ஒரு ஆட்டத்த வெச்சி டீம் எடுக்கக் கூடாது. அஞ்சு ஆட்டமாவது பார்க்கணும். பொறுக்குறவங்க பேரு, ஏன் பொறுக்குனாங்க, எல்லாம் வெளிய ஒட்டணும்."

"அத ஆறாவதா எழுதியிருக்கீங்கப்பா," என்றாள் லோகேஸ்வரி. "அது மேல வரணும். அன்னைக்கு ஒரே ஆட்டம்னுதான நீங்க கையெழுத்து போட்டீங்க. அஞ்சு ஆட்டம் இருந்திருந்தா அன்னைக்குக் கேன்சல் பண்ணியிருப்பீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் உங்களக் குத்திக்காட்டல. நெசமாத்தான் சொல்றேன். இன்னொன்னு எழுதுங்க. ஸ்கூல்ல கிரிக்கெட் சொல்லிக்குடுக்க ஆளு இல்ல. எங்க தமிழ்ப்பள்ளியில பேட்டு ஒன்னுதான் இருந்துச்சு, அதுவும் பையன்க எடுத்துக்குவாங்க. டீம்ல எனக்கு அப்பறம் கீப்பர் யாருன்னு கேட்டா ஆளு கெடையாது. கீழ ஒன்னும் இல்லாம மேல மட்டும் கோச்ச மாத்துறாங்க. மூணு வருசத்துல நாலு கோச்."

"செயலாளரு, தலைவரு எல்லாம் நாலு வருசத்துக்கு மேல இருக்கக் கூடாது," என்றேன் நான்.

"அத நீங்க எந்திரிச்சி நின்னு சொல்லுவீங்களா அங்கிள்?"

நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். காரணம் இருந்தது. இரண்டு மாதத்தில் நேப்பாளத்தில் ஆசிய நாடுகளுக்கான ஒரு கோப்பைப் போட்டி. வெளிநாட்டு நடுவர்களுக்கான பட்டியலில் என் பெயரைத் தங்கமணி எழுதி அனுப்பியிருந்தார். ஐம்பத்து நாலு வயதில் முதல் முறையாக வெளிநாட்டில் நிற்கப்போகிறேன். கமலநாதன் வீட்டில் யாருக்கும் இதை நான் சொல்லியிருக்கவில்லை.

ஹோட்டல் மண்டபத்தில் குளிர் எலும்பில் இறங்கியது. வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர் ஒருவர் வண்ணப் படங்களைக் காட்டினார். உயர்திறன் மையம், பயோமெக்கானிக்ஸ், ஐந்து வருஷத்தில் ஆசியாவின் மேல்வரிசை. அவர் காட்டிய மூன்று படங்களில் கமலநாதனின் யோசனைகளே அழகான எழுத்தில் இருந்தன. பெயர் இல்லை. கமலநாதன் அதைப் பார்த்தும் அசையவில்லை. ஆடுகளச் சோதனை பற்றி மட்டும் எந்தப் படத்திலும் எதுவும் இல்லை.

அவர் முறை வந்தது. மேடைக்குப் போனார். கையில் தாள் இல்லை.

"நான் பன்னெண்டு யோசனை சொல்ல வந்தேன். அதுல பாதிய சார் இப்பவே சொல்லிட்டாரு, நன்றி. மிச்சம் ஒன்னு இருக்கு. ஆட முடியாத களத்துல, ஆடலாம்னு பொய்க் கையெழுத்துப் போடுற அம்பயர ஆயுசுக்கும் நீக்கணும். மொத ஆளா என்னை நீக்குங்க. ஏப்ரல் மாசம் நான் போட்டேன். என் மகளுக்கு ஒரு கண்ணு போச்சு. அப்பறம் அந்தக் கையெழுத்த வாங்குறதுக்கு, போடலன்னா பழைய லிஸ்ட்டையே அனுப்பிடுவேன்னு சொன்னவரையும் நீக்கணும். அவரு அந்த மேசையில உக்காந்திருக்காரு. இந்த ரெண்டையும் செய்யாம நீங்க எந்த மையத்தக் கட்டினாலும் அதுக்கு அடியில தண்ணிதான் நிக்கும்."

அவர் குரல் உயரவே இல்லை. ஆலோசகர் ஆங்கிலத்தில், இது தொலைநோக்குப் பற்றிய அமர்வு, தனிப்பட்ட சம்பவங்களுக்கு வேறு இடம் உண்டு என்றார். தங்கமணி எழுந்தார்.

"ஒரு தகப்பனோட வேதனை எனக்குப் புரியுது. ஆனா பொய்ப் புகார ஏத்துக்க முடியாது. அன்னைக்கு அங்க இன்னொரு சீனியர் அம்பயரும் இருந்தாரு. இங்கயே இருக்காரு. ராதா, நீயே சொல்லு. நான் உங்களக் கட்டாயப்படுத்துனேனா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கமலநாதனும் பார்த்தார். அவர் பார்வையில் சந்தேகமே இல்லை. நான் உண்மையைச் சொல்லுவேன் என்று நம்பி நின்றார்.

"கட்டாயப்படுத்தல," என்றேன்.

கையைப் பிடித்து எழுத வைக்கவில்லைதான். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அதற்குள் நான் ஒளிந்துகொள்வது எனக்குத் தெரிந்தது. கமலநாதன் மேடையிலிருந்து இறங்கி, என் மேசையைத் தாண்டி, என்னைப் பார்க்காமலே வெளியே போனார். மத்தியானம் ஆட்டிறைச்சி பிரட்டல் போட்டார்கள். நான் சாப்பிட்டேன். அதை இன்று நினைத்தாலும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

ஒரு வாரத்தில் கமலநாதனின் நடுவர் உரிமத்தைப் பறித்துக் கடிதம் வந்தது. அவர் கேட்டதில் அந்தப் பாதியை மட்டும் சங்கம் செய்தது. அதே வாரம் தங்கமணி லோகேஸ்வரிக்குப் போன் போட்டு, சங்கத்தில் ஸ்கோர் எழுதும் வேலை தருவதாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் கொதித்தார்கள். இரண்டு மாதத்தில் அவர்கள் ஒரே கட்சியாக நின்றது அதற்குத்தான்.

"வாய அடைக்கிறதுக்குப் போடுறான்," என்று குமுதா கத்தினாளாம்.

"தெரியும்மா. எனக்குத் திடல் வேணும். அவன் குடுத்தாலும் போவேன்," என்று லோகேஸ்வரி போய்விட்டாள். இதை நஸ்ரின்தான் பிறகு என்னிடம் சொன்னாள். அந்த வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு இல்லை.

ஜூலை கடைசி ஞாயிறு. தேசியப் போட்டி தள்ளிப்போனதால் பெண்களுக்கு மறுபடியும் ஒரு தேர்வு ஆட்டம் வைத்தார்கள். அதே தோட்டத்துத் திடல். பழுது பார்த்துவிட்டதாகத் தங்கமணி சொன்னார். பாய் புதிதாக இருந்தது. அதன்மேல் நடந்தேன். தெற்கு முனையில் மேடு தெரியவில்லை. மாறாக, கால் ஒரு இடத்தில் மெத்தையில் வைத்ததுபோல் உள்ளே இறங்கியது. அடியில் எதையோ வைத்து நிரவியிருந்தார்கள்.

தங்கமணி படிவத்தை நீட்டினார்.

"போட மாட்டேன்," என்றேன்.

"என்னா ராதா, காலையிலயே விளையாடுற. நேப்பாளத்துக்கு டிக்கெட் போட்டாச்சு."

"தெரியும். போட மாட்டேன்."

அவர் என்னிடம் மேற்கொண்டு பேசவில்லை. ஒரு போன் போட்டார். பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து தனேஷ் வந்தான். போன மாதம்தான் பரீட்சை தேறியவன். அவனுக்கு ஜோடியாக எந்தப் பெயரையோ எழுதிக்கொண்டார்கள். தங்கமணியின் காடி முன்மூடியில் படிவத்தை வைத்துத் தனேஷ் கையெழுத்துப் போட்டான். களத்தின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. நான் மறுத்ததால் ஒரு துரும்பும் நகரவில்லை.

ஸ்கோர் மேசையிலிருந்து லோகேஸ்வரி என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க போடலயா அங்கிள்?"

"இல்லம்மா."

"அன்னைக்கும் இதே மாதிரிதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்பா மேடையில நிக்கும்போதும் உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

லோகேஸ்வரி ஸ்கோர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள். காலில் சப்பாத்து இல்லை, செருப்புதான். நடுத்திடலுக்கு நடந்து போனாள். தூரம் சரியாகப் பிடிபடாததால் பாயின் விளிம்பைக் காலால் தேடிக் கண்டுபிடித்து, மண்டியிட்டு, ஓரத்தில் அடித்திருந்த ஆணியைக் கையால் ஆட்டிப் பிடுங்கத் தொடங்கினாள்.

நஸ்ரின் இப்போது காஜாங் அணியின் தலைவி. டாஸுக்கு வந்துகொண்டிருந்தவள் ஓடிப் போனாள்.

"என்னாடி பண்ற?"

"இதுக்கு அடியில என்னா இருக்குன்னு நீ பாரு. பார்த்துட்டு, அப்பறம் பந்து போடு."

நஸ்ரின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அடுத்த ஆணியைப் பிடித்தாள். வேலி ஓரத்திலிருந்து மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஈரத்தில் ஊறிய பாய் பிணம் மாதிரி கனத்தது. சுருட்டும்போது ஒரு மூலையில் ஆள் போதவில்லை. நான் போய்ப் பிடித்தேன். லோகேஸ்வரி என்னைப் பார்த்தாள், தடுக்கவில்லை.

பாய் விலகியதும் எல்லோரும் பார்த்தோம். தளம் உடைந்தது உடைந்தபடியே கிடந்தது. உடைப்பின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பிஸ்கட் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து அடுக்கி, மேலே மணலைத் தூவியிருந்தார்கள். அட்டை தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. நஸ்ரின் அதைக் கையில் அள்ளினாள்.

"இதுலதான் என்னை மறுபடியும் வேகமாப் போடச் சொன்னானுங்க," என்றாள். "மறுபடியும் நான் ஒருத்தி கண்ண எடுக்கணும்."

இருபத்திரண்டு பேரும் சுருட்டிய பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தங்கமணியின் காடிக்கு முன்னால் குறுக்கே போட்டார்கள். அவர் போனில் படம் எடுத்துக்கொண்டே, "ஒவ்வொருத்திக்கும் தடை போடுவேன். ஒரு வருசம் எந்தத் திடல்லயும் கால் வைக்க முடியாது," என்றார்.

"போடுங்க," என்றாள் லோகேஸ்வரி. "பேரு எழுத ஸ்கோர் புக் வேணுமா? அதுல எல்லார் பேரும் வரிசையா இருக்கு."

தங்கமணி சொன்னதைச் செய்தார். இருபத்திரண்டு பேருக்கும் ஒரு வருஷம் தடை. நேப்பாளத்துக்கு வேறொருவர் போனார். அட்டைப் பெட்டியின் படம் போனுக்குப் போன் பரவி, தேசியச் சங்கத்திலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வந்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. தங்கமணி இன்னும் செயலாளர்தான். ஆனால் அந்த வருஷம் தேசியப் போட்டிக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து பெண்கள் அணி போகவில்லை. அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. நடுவருக்குப் பதில் நடுவர் கிடைத்தான். இருபத்திரண்டு பெண்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்கள் இப்போது சனிக்கிழமைகளில் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் ஆடுகிறார்கள். மண் தளம், அவர்களே கொட்டி, அவர்களே உருளை இழுத்துச் சமன்படுத்தியது. லோகேஸ்வரி பள்ளிப் பிள்ளைகளுக்கு கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறாள். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணித் தலைவிகளும் களத்தை நடந்து பார்த்துத் தாங்களே கையெழுத்துப் போடுகிறார்கள். ஆடுகிறவள் பார்த்துச் சொல்லட்டும் என்று அந்த விதியை எழுதியது கமலநாதன். உரிமம் இல்லாமல் அவரே நடுவராக நிற்கிறார்.

அவர்கள் ஆடத் தொடங்கிய மூன்றாவது சனிக்கிழமை நான் போனேன். வெள்ளைச் சட்டையோடு வேலி ஓரம் நின்றேன். அரைமணி நேரம் அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஓவர் முடிந்ததும், "பக்கவாட்டுக்கு ஆளு இல்ல. போய் நில்லு," என்றார். அவ்வளவுதான். போய் நின்றேன்.

மத்தியானம் குமுதா மீஹூன் பொட்டலங்களைக் கூடையில் கொண்டுவந்தாள். எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய், "குமுதா," என்றேன்.

அவள் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"பாயத் தூக்குனீங்கன்னு லோகேஸ் சொன்னா. நல்லது. அவரும் உங்களச் சேர்த்துக்கிட்டாரு. அது அவங்க இஷ்டம். அந்த ஹோட்டல்ல அவரு தனியா நின்னாரு பாருங்க, அத அவரு மறந்தாலும் எனக்கு மறக்காது. என்கிட்ட எதுவும் சொல்ல வேணாம். நான் கேக்க மாட்டேன்."

பிறகு நிழலில் இருந்த மகளைக் கூப்பிட்டாள்.

"லோகேஸ், இந்த அம்பயருக்கும் ஒரு பொட்டலம் எடுத்துக் குடும்மா."

பத்தொன்பது வருஷமாக அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டு வந்தாள். லோகேஸ்வரி பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டேன்.